டிவிக்கு ஒன்று, கைக்கு ஒன்றா? இரண்டுக்கும் ஒன்றே போதுமா?

கேம் கன்சோல் வாங்க நினைக்கும் நண்பர்கள் முன்பெல்லாம் "எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "ஒன்று வாங்கினால் போதுமா, இரண்டு வேண்டுமா?" என்கிறார்கள். டிவிக்கு முன்னால் உட்கார்ந்தும் விளையாட வேண்டும், ரயிலிலும் படுக்கையிலும் விளையாட வேண்டும். நியாயமான ஆசைதான்.

இதற்கு இன்று நான்கு வழிகள் உண்டு. டிவிக்கு ஒரு பெரிய பெட்டி, பைக்குள் போட்டுக்கொள்ள வேறொரு சின்னக் கருவி என்று தனித்தனியாக வாங்குவது பழைய வழி. நின்டெண்டோ ஸ்விட்ச் போல இரண்டு வேலையையும் செய்யும் ஒரே கருவியை வாங்குவது இரண்டாவது. பெரிய பெட்டியை மட்டும் வாங்கி, அது காட்டும் படத்தை வைஃபை வழியாகக் கையிலுள்ள திரைக்குக் கொண்டுவருவது மூன்றாவது. சோனியின் பிளேஸ்டேஷன் 5 பெட்டிக்குப் பிளேஸ்டேஷன் போர்ட்டல் செய்வது அதைத்தான். நான்காவது ஸ்டீம் டெக் போன்றவை: கையடக்கமாகச் சுருக்கிய கணினி. அதே கேம்கள் வீட்டுக் கணினியிலும் ஓடும்.

கடையில் நிற்கும்போது நாம் எண்ணுவது கருவிகளை. வீட்டுக்கு வந்த பிறகு நம்மைப் படுத்துவது வேறொன்று. அதை நான் அலமாரி என்று சொல்வேன். காசு கொடுத்து வாங்கிய கேம்கள், அவற்றில் விட்ட இடத்தைக் காட்டும் சேவ், இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அலமாரி. இரண்டு கருவி, ஒரே அலமாரி என்றால் பெரிய தொல்லை இல்லை. இரண்டு கருவிக்கு இரண்டு அலமாரி என்றால் டிவியில் பாதி முடித்த கேமைப் பயணத்தில் தொட முடியாது, பயணத்தில் பிடித்துப்போன கேமைப் பெரிய திரையில் பார்க்க முடியாது. கொஞ்ச நாளில் இரண்டில் ஒன்று மேஜை டிராயருக்குள் போய்விடும். என்னிடம் அப்படி இரண்டு கிடக்கின்றன.

இரண்டு அலமாரி வைத்துக்கொண்டு வாங்கியவர்கள் மட்டுமல்ல, விற்ற நிறுவனமே மூச்சுத் திணறியது. 2012 இறுதியில் நின்டெண்டோ டிவிக்கு வீ யூவையும் கைக்கு 3டிஎஸ்ஸையும் விற்றுக்கொண்டிருந்தது. வீ யூவில் இருந்தது பவர்பிசி வகை சிப், 3டிஎஸ்ஸில் ஏஆர்எம் வகை. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் அப்படியே ஓடாது. திரைகளும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருந்தன: வீ யூ 1080பி, அதாவது 1920க்கு 1080 புள்ளிகள் வரை படம் காட்டும், 3டிஎஸ்ஸின் மேல்திரையில் ஒரு கண்ணுக்கு 400க்கு 240 புள்ளிகள்தான். 2014இல் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் இரண்டுக்கும் வந்தது. பெயர் ஒன்றுதான், ஆனால் அரங்கங்களிலிருந்து ஆட்ட வகைகள் வரை வேறுபட்ட இரண்டு கேம்களை ஒரே குழு செய்து முடிக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பில் இன்னொரு கேம் வந்திருக்கும். வீ யூ வைத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் புதுக் கேம் இல்லாமல் காத்திருந்ததற்கு இது முக்கியமான காரணம். வீ யூவுக்கு முந்தைய கன்சோலான வீ 10 கோடியைத் தாண்டி விற்றது. வீ யூ 1 கோடியே 36 லட்சம் அளவில் நின்றுபோனது.

அப்போதைய தலைவர் சடோரு இவாடாவுக்கு இந்தச் சிக்கல் புரிந்திருந்தது. 2013இல் வீட்டுக் கன்சோல் பிரிவையும் கையடக்கப் பிரிவையும் ஒன்றாக்கினார்கள். 2014 ஜனவரியில் முதலீட்டாளர்களிடம் பேசும்போது அவர் சொன்னதன் சாரம் இது: இனி வரும் கருவிகள் ஒரு குடும்பத்து அண்ணன் தம்பிகள் போல இருக்க வேண்டும், ஒன்றுக்குச் செய்த மென்பொருள் மற்றதற்கும் பயன்பட வேண்டும். ஐஓஎஸ்ஸையும் ஆண்ட்ராய்டையும் உதாரணம் காட்டினார். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஒரே கருவிக்குள் திணிப்போம் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அடித்தளம் ஒன்றானால் கருவியின் வடிவங்கள் அதிகமாகக்கூட ஆகலாம் என்றுதான் பேசினார். 2015இல் அவர் இறந்தார். ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது.

அலமாரி ஒன்றானதும் என்ன ஆனது என்பதற்கு மாரியோ கார்ட் 8 என்ற பந்தய கேம் ஒன்றே போதும். வீ யூவில் அது சுமார் 85 லட்சம் விற்றது. அதையே கொஞ்சம் மெருகேற்றி ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தார்கள். 6 கோடியைத் தாண்டிவிட்டது. ஸ்விட்ச் கருவியும் 15 கோடியைத் தாண்டியது. அதுவரை கையடக்கக் கருவிகளிலேயே வந்துகொண்டிருந்த போக்கிமான் வரிசையின் முதன்மைக் கேம்கள் 2018, 2019 வாக்கில் டிவிக்கும் வந்து சேர்ந்தன.

சரி, இவ்வளவு நல்ல யோசனை ஏன் முன்பே வரவில்லை? வந்தது. 1990இல் என்இசி, தன் வீட்டுக் கன்சோலான பிசி எஞ்சினின் அதே கேம் அட்டைகளை ஓட்டும் கையடக்கக் கருவியை விட்டது. 1995இல் சேகா, நோமாட் என்ற பெயரில் தன் வீட்டுக் கன்சோலான மெகா டிரைவையே கையில் கொடுத்தது. கார்ட்ரிட்ஜ் அதேதான், அலமாரி ஒன்றேதான். ஆனால் நோமாட் ஆறு பேட்டரிகளை இரண்டு மூன்று மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. பிசி எஞ்சின் கருவியின் திரை 2.6 அங்குலம், டிவிக்காக எழுதிய எழுத்துகளை அதில் படிப்பதே ஒரு விளையாட்டு. எதிர்த்திசையிலும் முயன்றார்கள். 1994இல் கையடக்கமான கேம் பாயின் கேம்களை டிவியில் காட்டும் சூப்பர் கேம் பாய், 2003இல் அதே வேலைக்குக் கேம்கியூப் கன்சோலுக்கு ஒரு கேம் பாய் பிளேயர், 2013இல் சோனியின் கையடக்க வீட்டா கருவியைச் சின்னப் பெட்டியாக்கி டிவியில் செருகிய பிளேஸ்டேஷன் வீட்டா டிவி. கடைசியாகச் சொன்னதில் தொடுதிரையை நம்பிய கேம்கள் பல ஓடவே இல்லை. வீட்டுச் சிப்பைக் கைக்குக் கொண்டுபோனால் மின்சாரம் போதவில்லை. கைச் சிப்பை டிவிக்குக் கொண்டுபோனால் படம் போதவில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் சிப் அப்போது கிடையாது. ஸ்மார்ட்ஃபோன்களும் டேப்லெட்களும் வந்து, குறைந்த மின்சாரத்தில் ஓரளவு வலுவாக ஓடும் சிப்களை ஒரு பெரிய தொழிலாகவே ஆக்கிய பிறகுதான் கதவு திறந்தது. முதல் ஸ்விட்சில் இருந்த டெக்ரா எக்ஸ்1, என்விடியா மொபைல் கருவிகளுக்காக ஏற்கெனவே செய்து வைத்திருந்த சிப்.

ஸ்விட்சின் தந்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலர் அதை டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கைக் காட்டுவார்கள். டாக்கில் வைத்ததும் படம் தெளிவாகிறது, ஆகவே உள்ளே இன்னொரு சிப் இருக்கிறது என்ற எண்ணம். அப்படி எதுவும் இல்லை. டாக் தருவது மின்சாரமும் டிவிக்கான இணைப்பும் மட்டும்தான். சுவர் மின்சாரம் கிடைத்ததும் உள்ளே இருக்கும் அதே சிப் வேகம் கூட்டுகிறது. கையில் இருக்கும்போது கிராஃபிக்ஸ் பகுதி 307 மெகாஹெர்ட்ஸில் ஓடும், சில கேம்களில் 384இல். டாக்கில் வைத்தால் 768. அதாவது 307ஐப் போல இரண்டரை மடங்கு. ஸ்விட்சின் 720பி (1280க்கு 720) திரைக்கும் 1080பி டிவிக்கும் உள்ள புள்ளி வித்தியாசம் இரண்டே கால் மடங்கு. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். கேமின் விதிகளையும் எதிரிகளின் நடத்தையையும் கணக்கிடும் பிராசஸர் இரண்டு இடத்திலும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. ஆகவே கேமைச் செய்பவர் இரண்டு கேம் செய்வதில்லை. ஒரே கேம்தான், டாக்கில் வைத்தால் புள்ளிகள் கூடும். ஒரே வன்பொருளில் வீட்டையும் கையையும் இணைப்பது என்பதன் முழு ரகசியமும் இந்த இரண்டரை மடங்கில் இருக்கிறது.

அந்த இரண்டரை மடங்குதான் அதன் எல்லையும். டிவியில் கிடைக்கும் படம், கையில் ஓடக்கூடியதன் பெரிதாக்கிய வடிவம். அதற்கு மேல் போகாது. பிளேஸ்டேஷன் 5 கனமான கேம் ஒன்றை ஓட்டும்போது சுமார் 200 வாட் இழுக்கும். முதல் ஸ்விட்சின் பேட்டரியில் இருப்பது 16 வாட்-மணி. அந்தப் பேட்டரியை இந்தக் கன்சோலில் மாட்ட முடிந்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. பேட்டரிக்காகச் சிப்பை ஒடுக்கி வைத்த கருவி, டிவிக்கு முன்னால் 200 வாட் பெட்டியோடு மோத முடியாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தால் இரண்டும் கொஞ்சம் நசுங்கித்தான் விழும். பெரிய கன்சோல்களுக்கு வந்த பல கேம்கள் ஸ்விட்சுக்கு வரவே இல்லை. வந்தவற்றில் சில மங்கலாகவும் திக்கித் திக்கியும் வந்தன.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 இந்த இடைவெளியைக் குறைத்திருக்கிறது. கையில் 7.9 அங்குல 1080பி திரை, டாக்கில் 4கே வரை, குறைந்த புள்ளிகளில் வரைந்த படத்தைப் பெரிதாக்கிச் செம்மைப்படுத்தும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நுட்பம். ஆனால் இயற்பியல் சும்மா விடுமா? நிறுவனமே சொல்லும் பேட்டரி நேரம் சுமார் 2 மணியிலிருந்து 6.5 மணி வரை. கண்ட்ரோலர்களோடு எடை 534 கிராம். முதல் ஸ்விட்ச் 398 கிராம். மல்லாந்து படுத்து விளையாடுகிறவர்களுக்கு இந்த 136 கிராம் மூக்கின் மேல் விழும்போது தெரியும்.

போர்ட்டல் வழிக்கு வருகிறேன். ஒருவகையில் இது வீ யூவின் மறுபிறவி. வீ யூவோடு வந்த திரையுள்ள கண்ட்ரோலரும் பெட்டி அனுப்பும் படத்தைத்தான் காட்டியது. ஒரு அறைக்கு அப்பால் போனால் படம் அறுந்துவிடும். 2023 நவம்பரில் வந்த போர்ட்டல் வைஃபையில் ஓடுவதால் தூரம் அவ்வளவு தடை இல்லை. 8 அங்குலத் திரை, நல்ல கண்ட்ரோலர், 200 வாட் பெட்டி வரையும் படம் கையில். அலமாரியும் ஒன்றே, சேவும் ஒன்றே. கேம் ஓடுவது பெட்டியில்தானே. வீட்டில் டிவியை வேறு யாரோ பிடித்துக்கொண்டிருக்கும்போது இதைவிட நல்ல தீர்வு கிடையாது.

ஆனால் இதைக் கையடக்கக் கன்சோல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாகக் கேமை ஓட்டும் சரக்கு அதற்குள் இல்லை. இணையம் போனால் அது கண்ணாடிப் பலகை. பின்னாளில் சந்தா கட்டுகிறவர்களுக்கு சோனியின் சர்வர்களிலிருந்தே கேம்களை ஓட்டும் வசதி வந்தது. அப்போது வீட்டுப் பெட்டி தேவையில்லை, இணையம் மட்டும் கட்டாயம் வேண்டும். பட்டனை அழுத்தியது பெட்டிக்குப் போய், பெட்டி வரைந்த படம் சுருக்கப்பட்டு, காற்றில் வந்து, கையில் விரிக்கப்பட வேண்டும். கதை கேம்களில் இந்தத் தாமதம் உறைக்காது. சண்டை கேம்களிலும் தாளக் கேம்களிலும் உறைக்கும்.

ஸ்டீம் டெக் வேறு ரகம். 2022 பிப்ரவரியில் வந்தது. அதன் சிப் 4 முதல் 15 வாட்டுக்குள் ஓடும். முதல் மாடலில் 40 வாட்-மணி பேட்டரி, 1280க்கு 800 திரை. ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் ஏற்கெனவே கேம்கள் குவித்து வைத்திருப்பவருக்கு இது புதையல். புதிதாக ஒன்றும் வாங்காமலே அலமாரி நிறைந்திருக்கும். ஆனால் டாக் விஷயத்தில் ஸ்விட்சோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம். டெக்கை டாக்கில் வைத்து டிவியில் இணைத்தாலும் சிப் வேகம் கூட்டுவதில்லை. அதே 15 வாட்தான். சின்னத் திரையில் கச்சிதமாகத் தெரிந்த படம் பெரிய 4கே டிவியில் வெளிறிப்போய் நிற்கும். ஆகவே டெக் பாதி விடை. வீட்டில் வலுவான கணினி இருந்தால்தான் மறுபாதி நிறையும். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற அடுக்கு வழியாக ஓட்டுவதால், ஏமாற்று வேலையைத் தடுக்கும் மென்பொருள் உள்ள சில ஆன்லைன் கேம்கள் திறக்கவே திறக்காது. அப்புறம், அமைப்புகளை நோண்டப் பிடிக்க வேண்டும். எனக்குப் பிடிக்கும். என் வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது.

தனித்தனிக் கருவி என்ற பழைய வழிக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. சோனி வீட்டாவை 2011இல் கொண்டுவந்தது; அதற்கு வாரிசாக, தானே கேமை ஓட்டும் ஒரு கருவி இன்றுவரை வரவில்லை. நின்டெண்டோவும் 3டிஎஸ்ஸோடு அந்தப் பாதையை மூடிவிட்டது.

ஒரே அலமாரி, வெவ்வேறு வலு என்ற குடும்ப முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டும் வீட்டுப் பெட்டிகள்தான் என்றாலும் பாடம் பொதுவானது. ஒன்றில் 16 ஜிபி நினைவகம், மற்றதில் 10. புள்ளிகளைக் குறைத்து கிராஃபிக்ஸ் சுமையை இறக்கலாம். நினைவகத்தை அப்படி இறக்க முடியாது. 2023இல் பால்டர்ஸ் கேட் 3, சின்னப் பெட்டியில் திரையை இரண்டாகப் பிரித்து இருவர் விளையாடும் வசதியை ஓட்ட முடியாமல் எக்ஸ்பாக்ஸுக்கே தாமதமாக வந்தது. வந்தபோதும் சீரிஸ் எஸ்ஸில் அந்த வசதி இல்லை. குடும்பத்தில் பலவீனமானவரின் நடைக்குத்தான் எல்லோரும் நடக்க வேண்டும். 2019இல் ஸ்விட்ச் லைட் வந்தபோது நின்டெண்டோ இந்தக் கண்ணியில் மாட்டவில்லை: சிப்பின் வலுவும் நினைவக அளவும் அப்படியே, டிவி இணைப்பை எடுத்துவிட்டார்கள், திரையை 5.5 அங்குலமாக்கினார்கள், 275 கிராமுக்கு இறக்கினார்கள்.

இணைந்த கருவி வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்த பிறகே உணரும் சில விஷயங்கள் உண்டு. ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வெளியூர் போனால் டிவிக்கு முன்னால் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு வேலை செய்யும் கருவிதான். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு இரண்டு இடத்தில் உழைக்காது. இரண்டாவதாக ஒரு லைட் வாங்கலாம் என்றால், சேவ் கேம் அட்டையில் இல்லை, கருவிக்குள் இருக்கிறது. பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜைக் கழற்றி நண்பனிடம் கொடுத்தால் நம் சேவும் கூடவே போகும். இங்கே அட்டையை மாற்றிப் போட்டாலும் சேவைத் தனியாக நகர்த்த வேண்டும், அல்லது ஆன்லைன் சந்தா கட்டிக் கிளவுடில் வைக்க வேண்டும். டிவியோடு மட்டுமே வாழ்ந்தாலும் உள்ளே இருக்கும் பேட்டரிக்கு வயதாகிக்கொண்டேதான் இருக்கும். லைட்டில் கண்ட்ரோலர் கழற்ற முடியாதது. ஸ்டிக் பழுதானால் முழுக் கருவியையும் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் கை கட்டி உட்கார வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், பொதுவாக யாராவது கேட்டால் இணைந்த கருவியைத்தான் சொல்வேன். டிவியில் விளையாடிக்கொண்டிருக்கும்போது டாக்கிலிருந்து உருவி எடுத்தால் ஓரிரு நொடியில் அதே காட்சி கையில் தொடர்கிறது. சேவ் செய்ய வேண்டாம், திரும்பத் திறக்க வேண்டாம். தனித்தனிக் கருவிகள் வாங்கினால் இந்தச் சுலபம் கிடைக்காது. வேலை, குழந்தை, சமையல் என்று நேரம் துண்டு துண்டாகக் கிடைப்பவருக்கு, இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் காத்திருப்பில் போகாமல் இருப்பது பெரிய விஷயம்.

எப்போது மாற்றிச் சொல்வேன்? உங்கள் விளையாட்டு நேரத்தை மூன்று வாரம் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்: டிவியா, வீட்டுக்குள் வேறு இடமா, வெளியிலா. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் கையடக்க வசதிக்காகப் படத் தரத்தை விட்டுக்கொடுக்க ஒரு காரணமும் இல்லை. பெரிய பெட்டி வாங்குங்கள், இரண்டாவது கட்டம் நிறைந்திருந்தால் அதோடு போர்ட்டலும். வெளியில் என்ற கட்டம்தான் பெரியது, டிவிப் பக்கம் போவதே இல்லை என்றால் லைட்டோ டெக்கோ போதும். டாக்குக்கு ஏன் காசு? ஸ்டீமில் நூறு கேம் வைத்திருப்பவர் தாளே எடுக்க வேண்டாம், அவர் விடை அவர் கணக்கிலேயே இருக்கிறது.

நான் குறித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். "பயணத்துக்காக" என்று சொல்லி வாங்கிய கருவி வீட்டு வாசலைத் தாண்டியது இரண்டே முறை. மற்ற நாளெல்லாம் டிவிக்கும் கட்டிலுக்கும் நடுவே பத்தடி தூரத்தில்தான் அலைந்துகொண்டிருந்தது.